மூன்று வளையங்களுக்கு முன்னால் போன வயர்

மதிய லுஹர் தொழுகையில் இது மூன்றாவது ரக்அத்தா நான்காவதா என்று தெரியாமல் போன அன்றுதான், இந்த விஷயம் என்னை எவ்வளவு ஆட்டி வைத்திருக்கிறது என்று விளங்கியது. வழக்கம்போல மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பி, கைகால் கழுவி வுழூ எடுத்துவிட்டுத்தான் நின்றேன். நெற்றி நிலத்தில் கிடக்கிறது, கண்ணுக்குள் மீட்டரின் சிவப்பு விளக்கு மின்னுகிறது. மறதிக்குரிய ஸுஜூதையும் செய்து ஸலாம் கொடுத்தவன், துஆவுக்குக்கூட இருக்காமல் எழுந்து மீட்டர் பெட்டியடிக்குப் போனேன். அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

எண் ஏறித்தான் இருந்தது.

எங்கள் பக்கத்தில் மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு அவளுக்கு. மருமகன் அங்கே வந்து குடியிருப்பார். பெற்றவர்கள் அதே வளவுக்குள் ஒதுங்கிக்கொள்வோம். அப்படித்தான் பெரிய வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு, நானும் மனைவியும் பின்னால் ஒரு அறையும் குசினியும் கட்டிக்கொண்டு இருக்கிறோம்.

அந்தப் பெரிய வீட்டுக் கூரையில்தான் சோலார். மூன்று லைன் கரண்ட் வருகிற வீடு, அதற்கேற்ற இன்வேட்டர், ஆளுயரத்துக்கு ஒரு பற்றரி. மிச்சத்தை வெளியே கொடுக்க இன்னும் அனுமதி வரவில்லை என்பதால், வீடு கேட்கிற அளவை மட்டும் அது கொடுக்கும். ஆகவே நல்ல வெயிலில், பற்றரியும் நிரம்பிய நேரத்தில், தெருக் கரண்ட் தூணிலிருந்து ஒன்றும் உள்ளே வரக்கூடாது. மகளின் போனில் வரும் சோலார் கணக்கிலும் தூண் பக்கம் பூச்சியம் என்றே காட்டியது. சுவரிலிருந்த மீட்டர் மட்டும் பட்டப்பகலில் ஏறிக்கொண்டிருந்தது.

மருமகன் கட்டாரில் வெயிலில் நின்று உழைத்ததைக் கொண்டு போட்ட சோலார் அது. போடச் சொன்னவன் நான். “வெயில அல்லாஹ் சும்மா தாறான் மகன். நாம அதுல நெல்லக் காயப் போடுறதோட நிப்பாட்டிர்றம்” என்று மாதக்கணக்காக அவர் காதில் ஓதியிருந்தேன். ஆகவே அந்த எண் ஏறும்போதெல்லாம் என் வார்த்தை பொய்யாகிற மாதிரி இருந்தது. விடிகாலைச் சுபஹுக்குப் பின் ஒருக்கால், சாயத் தண்ணி குடித்து ஒருக்கால், கடைக்குப் போகப் படலையைத் திறந்தவன் திரும்பி வந்து இன்னொருக்கால் என்று பார்த்துக்கொண்டே திரிந்தேன்.

கரண்ட் வேலை செய்பவரிடம் போனில் கேட்டேன். அவருக்கு நான் காக்கா, அண்ணன் முறை. “மூணு லைனுக்கும் இன்வேட்டர் ஒரே அளவாத்தான் குடுக்கும் காக்கா. ஒரு லைன்ல மட்டும் பாரம் கூடினா, மிச்சத்த வெளியில இருந்து இழுத்தாலும் இழுக்கும். வந்து பாக்காமச் சொல்ல ஏலாது” என்றார். கடைசி வார்த்தை என் காதில் விழவேயில்லை. பாரம் என்றவுடன் என் மனம் மருமகனின் அறைக்குள் இருக்கும் ஏசியில் போய் நின்றுவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, சாப்பிட்டு, மருமகன் அறைக் கதவைச் சாத்தினார். ஏசி உறுமியது. நான் மீட்டரடியில் நின்று வெந்தேன். அவர் எழும்பி வெளியே வந்ததும், மகள் நிற்கிறாள் என்றும் பாராமல் கேட்டேன்: “மருமகன், கட்டாரு வெயில்லயே நிண்ட ஆளுக்கு, கல்முனை வெயில் இவ்வளவு சுடுதா?”

“வாப்பா!” என்றாள் மகள்.

அவர் உள்ளே போய் ஏசியை நிறுத்தினார். மறுநாள் காலை, உம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர் இரவு வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. மருமகன் பெண்வீட்டை விட்டு உம்மா வீட்டில் படுக்கிறார் என்றால் எங்கள் ஊரில் அதற்கு விளக்கம் தேவையில்லை, தெருவே விளங்கிக்கொள்ளும். பள்ளிவாசலில் ஒருவர் என் தோளைத் தொட்டு, “என்ன, ஊட்டுல சுகம்தானே?” என்று கேட்டார். அந்தக் கேள்வி குத்தியது.

மகள் சோறு கொண்டுவந்து வைக்கும்போது, “நல்லாப் பாத்துக்கங்க வாப்பா. இனி உங்கட மீட்டருக்கு ஆரும் கரச்சல் குடுக்கமாட்டாங்க” என்றாள்.

மனைவியும் விடவில்லை. “இஞ்சருங்க, பாயத் தலகணிய எடுத்துத் தாறன், அந்தப் பெட்டியடியிலயே படுங்க.”

மூன்று நாளாக ஏசி ஓடவில்லை. எண் முன்னைப் போலவே ஏறியது.

அப்படியென்றால் ஏசி காரணமில்லை. சந்தேக எண்ணங்களில் சில பாவம் என்று எத்தனை ஜும்ஆ குத்பாவில் கேட்டிருப்பேன். கேட்டுத் தலையாட்டியவன்தான், ஒரு மனிதனின் பகல் தூக்கத்தை எண்ணிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

நாலாம் நாள் காலை, திருக்கோவிலிலிருந்து அந்தக் கரண்ட் வேலைக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார். என் வயதுக்காரர், வாய் சும்மா இருக்காது. “முதல்ல வீட்டச் சாகடிப்பம் காக்கா. பிறகு ஆர் உசிரோட இருக்கிற எண்டு பாப்பம்” என்று இன்வேட்டரை நிறுத்தி, மெயின் சுவிட்சையும் இறக்கினார். காற்றாடி நின்றது. வீடு அடங்கிப்போனது.

மீட்டரின் சிவப்பு விளக்கு அடங்கவில்லை.

“வீடு மௌத்தாப் போச்சு. இது இன்னும் ஆருக்குக் கண்ணடிக்கிது?” என்று அவர் குனிந்தார்.

அந்த நேரம் பின்பக்கத்தில் மனைவி தண்ணீர் மோட்டாரைப் போட்டாள். விளக்கு படபடவென்று அடிக்கத் தொடங்கியது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு நான் நிலத்தைப் பார்த்தேன்.

மகளின் கலியாணத்தோடு நாங்கள் பின்னால் போனபோது, அப்போதைய வயரிங்காரரிடம் நான்தான் சொன்னேன்: எங்கள் பக்கத்து லைனை மகள் வீட்டுச் சுவிட்ச் பெட்டியிலிருந்து எடுக்காதே, நேரே மீட்டரடியிலிருந்து எடு. மருமகன் ஒரு சுவிட்சை இறக்கினால் என் விளக்கு அணையக்கூடாது. யார் கைக்குக் கீழும் இருக்கக்கூடாது. அந்த வயரைச் சுவருக்குள் வைத்துப் பூசி மறந்தும் விட்டேன். சோலார் பூட்டியவர்கள், இங்கிருந்து வேறு லைன் போகிறதா என்று கேட்டார்கள். மகளின் வீட்டை மட்டும் மனதில் வைத்து, இல்லை என்றேன்.

வேலைக்காரர் காட்டித் தந்தார். மூன்று லைனிலும் கரண்டை அளக்கிற மூன்று வளையங்கள் மாட்டியிருந்தன. அந்த வளையங்கள் வழியாகத்தான் இன்வேட்டருக்குக் கண். என் வயரோ வளையங்களுக்கு முன்னாலேயே பிரிந்து போகிறது. என் மோட்டாரும் ஃபிரிஜும் ஓடுவது அதற்குத் தெரியாது, தெரியாததற்கு அது எப்படிக் கொடுக்கும்? ஊரில் கரண்ட் போகிற நாட்களில் மகளின் வீட்டில் வெளிச்சம் இருக்க, எங்கள் பக்கம் மட்டும் இருண்டு கிடந்ததையும் நான் யோசிக்கவில்லை.

“ரெண்டு வழி இருக்கு. வளையத்த மீட்டர் பக்கம் தள்ளிப் போட்டா உங்கட பாரத்தையும் அது பாக்கும், ஆனா கரண்ட் போனா உங்களுக்கு இருட்டுத்தான். இல்லாட்டி உங்கட வயர மகள்ட பெட்டிக்குள்ள கொண்டு போகணும்” என்றார்.

“ஒரு மணித்தியாலம் இருங்க” என்று சொல்லிச் சட்டையை மாட்டினேன்.

மருமகனின் உம்மா தன் வீட்டு வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். “வாங்க, வாங்க. மகனக் கூட்டிப் போக வந்தீங்களா, எங்கட மீட்டரையும் பாக்க வந்தீங்களா?”

நான் உட்காரவில்லை. மருமகன் வெளியே வந்ததும், “மகன், அந்தக் கரண்டத் திண்டது நான்தான்” என்றேன். நடந்ததைச் சொன்னேன். கலியாண நேரம் வயரிங்காரரிடம் என்ன சொன்னேன் என்பதையும் மறைக்கவில்லை.

அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, “நீங்க அதச் சொல்லக்குள்ள உங்கட மகளும் பக்கத்துல நிண்டா, மாமா. அதுதான் எனக்கு நொந்த” என்றார்.

“ஓம். அவ நிக்கக்குள்ளயே மன்னிப்பும் கேக்கிறன். வாங்க.”

“மூணு நாளா இஞ்ச பாயில வேர்த்துக் கிடந்தன். அந்தக் கணக்கு எந்த மீட்டர்ல ஏறும்?” என்று கேட்டுக்கொண்டே செருப்பைத் தேடினார். அவருடைய உம்மா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கண்தான் நனைந்தது.

மகளின் முன்னால் கேட்க வேண்டியதைக் கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள். வேலைக்காரரிடம், “வயர மகள்ட பெட்டிக்கே கொண்டு போங்க” என்றேன். சுவரை உடைத்து, வயரை இழுத்து, பூட்டி முடிக்கப் பள்ளியில் லுஹர் பாங்கு சொல்லிவிட்டார்கள்.

மருமகன் மெயின் சுவிட்சில் கை வைத்துக்கொண்டு திரும்பினார். “போடட்டா மாமா?”

எத்தனை வருடமாக நான் பயந்திருந்த கை அது.

“போடுங்க மகன்” என்றேன். பின்பக்கம் எங்கள் காற்றாடி சுற்றத் தொடங்கியதை வாசலிலிருந்தே கண்டேன். மீட்டரைப் பார்க்காமல் தொட்டிக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு வுழூவுக்குப் போனேன்.