சிவப்பு நூல்

மகளின் முதல் பிறந்தநாளுக்கு வாணியம்பாடியில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் இன்று வந்தது. அவளுடைய சிவப்புச் சட்டை படத்தில் கறுப்பாக விழுந்திருக்கிறது. இதை ஊரிலிருக்கும் மாமியாருக்கு அனுப்பலாமா? நல்ல நாளில் குழந்தைக்குக் கறுப்பா என்று வருந்துவாரோ?

எனக்கு எட்டு வயதில், ஜவ்வாது மலையில் எங்கள் வீட்டுக்கும் இதே சங்கடம் வந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்ப அக்காவைப் படம் எடுக்க வேண்டியிருந்தது. ஆலங்காயத்திலிருந்து வந்த போட்டோக்கார பாய், மேகம் வரட்டும் என்று எங்களைக் காக்கவைத்தார்.

"இன்னா பாய், வெயிலு போய்ட்டா படம் எப்டி வுழும்?" என்றார் அப்பா.

"வெயிலு மறைஞ்சாத்தாங்க மொகம் தெளிவா வரும்."

அவரைக் கெஞ்சி, கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தேன். கண்ணாடியில் அக்கா தலைகீழாக நின்றாள். புளியமரம் பச்சை, புடவை நல்ல சிவப்பு.

கைக்கு வந்த படத்தில் புடவை கறுப்பு. "பொண்ணு பாக்குற படத்துல கறுப்பா?" என்று அம்மா அழுதாள்.

"பொட்டிக்குள்ள செவப்பாத்தான் இருந்துச்சு, நான் பாத்தேன்" என்றேன்.

"அப்ப நீயே போய்ச் சொல்லிட்டு வாடி" என்று அக்கா சிரித்தாள். பிறகு முந்தானையிலிருந்து ஒரு நூலை உருவி, படத்தின் பின்னால் ஒட்டினாள். பதினைந்தே நாளில் பதில் வந்தது: புடவை நன்றாயிருக்கிறது, நாள் பாருங்கள்.

அந்தச் சிவப்பு நிறம் பெட்டிக்குள் எங்கே போயிற்று என்பது எனக்கு இன்றும் புரியவில்லை.

மகளின் சட்டை மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவினேன். ஒன்று போதுமா என்று தோன்றியது. இன்னொன்றும் உருவினேன்.