வட ஜப்பானுக்கு வழி சொன்னவன்

பயண முகவர் வேலை என்பது, தான் ஒருநாளும் போகாத ஊருக்கு அடுத்தவரைத் துணிந்து அனுப்பிவைப்பது. மேசைக்குப் பின்னால் இருந்து எதையாவது விற்றவர்களுக்கு இந்த அவஸ்தை விளங்கும். டென்மார்க்கின் வைலே நகரில் ஒரு சின்ன அலுவலகத்தில் வட ஜப்பான் என் பொறுப்பு. வன்னியில் சண்டை முடிந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. என் தங்கச்சி வசந்தி, புருசன் பிள்ளைகளோடு உள்ளே அகப்பட்டிருந்தாள். ஒரு தகவலும் இல்லை. அதற்காக வேலைக்குப் போகாமல் இருக்க முடியுமா?

அடிமட்டம் வைத்து அளந்தது

மொரியோக்காவில் இருந்து அகிதாவுக்குச் சைக்கிளில் போக ஒரு தம்பதி வழி கேட்டார்கள். வரைபடத்தில் அடிமட்டத்தை வைத்து அளந்து, ஒருநாள் ஓட்டம் என்று எழுதிக் கொடுத்தேன். இடையில் ஒரு மலைத்தொடரே கிடந்தது. நான் யாழ்ப்பாணத்தான், அவர்கள் டென்மார்க்காரர். மலை என்பது மூன்று பேருக்குமே படத்தில் பார்க்கிற சாமான்.

மூன்றாம் நாள்தான் போய்ச் சேர்ந்தார்களாம். திரும்பியதும் நேரே என் மேசைக்கு வந்தார்கள். வாங்கிக் கட்டத் தயாரானேன். அந்த அம்மா சொன்னார்: "உங்களில் கோபமில்லை. கலியாணம் கட்டி இத்தனை வருசத்தில் இவர் வாய் திறக்காமல் இருந்தது அந்த ஏற்றத்தில் மட்டும்தான்."

இஷிகாரி கடலில் சேரும் இடம்

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு, ஹொக்கைடோவில் சப்போரோவுக்கு அப்பால் இஷிகாரி ஆறு கடலில் சேரும் இடத்தைப் பார்க்க ஆசை. காட்டுகிறேன் என்று திரையைத் திருப்பினேன். அதில் வன்னியின் நந்திக்கடல் இருந்தது. காலையில் இருந்து நான் அதையே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது ஹொக்கைடோ இல்லையே," என்றார். தங்கச்சி அங்கே நிற்கிறாள் என்றேன். மனிதர் எழுந்து கோட்டை மாட்டினார். "இஷிகாரி அங்கேயேதான் இருக்கும், நான் நாளைக்கு வருகிறேன். நீங்கள் இதைப் பாருங்கள்."

செண்டாய்க்கு ஒரு டிக்கெட்

சொந்தக் கதைக்கு அலுவலகத் தொலைபேசியைத் தொடக்கூடாது. ஆகவே ரண்டர்ஸில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் தவம் அண்ணை, செண்டாய்க்கு டிக்கெட் வேண்டும் என்று டேனிஷில் சொல்லித்தான் என்னைப் பிடிப்பார். முகாம்களில் இருப்பவர்களின் பெயர்களைத் தேடிக்கொண்டிருந்தவர் அவர். தினமும் டிக்கெட் கேட்டு ஒருநாளும் பயணம் போகாத ஆளை அழைப்பை எடுக்கும் என் சக ஊழியர் கிர்ஸ்டன் சந்தேகப்பட்டதே இல்லை என்று நினைத்திருந்தேன்.

சண்டை முடிந்துவிட்டது என்று செய்தி வந்து சில நாட்கள் இருக்கும். ஹிரோசே ஆறு செண்டாய்க்குள்ளால் ஓடுவதை ஒருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். கிர்ஸ்டன் வந்து, "இவரை நான் பார்க்கிறேன், நீ போய் உன் ஆளோடு பேசு," என்று தொலைபேசியைக் கையில் தந்தாள். எல்லாம் அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அண்ணை நேரே சொன்னார்: "வசந்தியும் பிள்ளையளும் வவுனியா முகாமிலை உயிரோடை இருக்கினம். மச்சானைப் பற்றி இப்ப ஒண்டும் கேளாதையடா."

கிர்ஸ்டன் தடுத்தும் கேளாமல் அந்த வாடிக்கையாளருக்குச் செண்டாய் வழியைப் பிழையில்லாமல் நானே எழுதிக் கொடுத்தேன். வவுனியாவுக்குத்தான் எனக்கு வழி தெரியவில்லை.