ஒன்பது புள்ளி எட்டு சார்

எனக்குக் காய்ச்சல் கண்ட ஒரு நாள், பள்ளிக்கூடத்தைப் பெருக்க வந்தவள் பிசிக்ஸ் லேப் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பிசிக்ஸ் சார் என்னைத் தாண்டி உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் பெருக்கும் சத்தம் கேட்டது. லேப் முழுவதையும் அவரே பெருக்கி, குப்பையைக் கூடையில் அள்ளிவிட்டுப் போய்விட்டார். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம் சேரும். ஆனால் பதினோரு வருசத்தில் அந்த லேபில் அவர் கையால் செய்த வேலை அது ஒன்றுதான். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பேர் ஒன்பது புள்ளி எட்டு. பூமி பொருள்களை இழுக்கிற வேகத்துக்கு அப்படி ஒரு கணக்காம். நான் ஐந்தாவதோடு நின்றவள், மகள் சொல்லித்தான் தெரியும். நூலில் குண்டைக் கட்டி ஆடவிட்டு, ஆடும் நேரத்தை அளந்து அந்த எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் லேபில் குண்டு அலமாரியிலேயே தூங்கும். சார் ஒரு பழைய ரெக்கார்ட் நோட்டை மேஜையில் போடுவார்.

"விடை ஒன்பது புள்ளி எட்டு வரணும். எப்படி வரணும்னு இதுல இருக்கு, பார்த்து எழுதுங்க."

அவ்வளவுதான் பாடம். அப்புறம் காலை இன்னொரு ஸ்டூலில் நீட்டிக்கொள்வார். தேய்த்த சட்டை கசங்காமல் தூங்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

பல்கலைக்கழகத்தில் பிசிக்ஸ் படிக்க வேண்டும் என்பது அதே வகுப்பில் படித்த என் மகளின் ஆசை. பிராக்டிகல் மார்க் போனால் அதுவும் போச்சு. அப்படியிருந்தும் அவள் நோட்டைப் பார்க்காமல் குண்டை நிஜமாகவே ஆடவிட்டாள். ஒன்பது புள்ளி ஆறு வந்தது.

"அழிச்சிட்டு ஒழுங்கா எழுது."

"எனக்கு அதுதான் சார் வந்துச்சு."

"உங்கம்மா தரையைப் பெருக்குறாங்க, நீ பூமியை அளக்கப் போறியா? அழிக்கலைன்னா மார்க்கை மறந்துடு."

எல்லாரும் சிரித்தார்களாம். வீட்டுக்கு வந்து, "அழிச்சிடவாம்மா?" என்று கேட்டாள்.

"பொய் எழுதித்தான் கிடைக்கும்னா அந்தப் படிப்பை ஆண்டவன் நமக்குத் தரவே வேண்டாம்டி" என்றேன். அவள் அழிக்கவில்லை.

பரீட்சைக்கு வேறு பள்ளியிலிருந்து ஒரு மேடம் வந்தார். நான் தண்ணீர் வைக்கப் போயிருந்தேன். நோட்டுகளைப் புரட்டிய மேடம், மேஜைமேல் இருந்த ஸ்டாண்டை ஒரு பார்வை பார்த்தார். அது என் இடுப்பு உயரம்கூட இல்லை.

"முப்பத்தொன்பது நோட்டுலயும் நூத்திமுப்பது சென்டிமீட்டர் நூல் இருக்கு. இதுல எப்படி சார் தொங்கவிட்டீங்க? மேஜையில ஓட்டை போட்டா?"

சார் என் பக்கம் கையைக் காட்டினார். "பெரிய ஸ்டாண்ட் இருந்துச்சு மேடம். நேத்து பெருக்கும்போது இந்தம்மா தள்ளி உடைச்சிட்டாங்க."

மேடம் என் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா?"

"அது உடைஞ்சு ஆறு வருசம் ஆச்சுங்க. நான்தான் பழைய இரும்போட தூக்கிப் போட்டேன்."

எல்லாரும் தன் கண்முன்னே மறுபடி செய்ய வேண்டும் என்றுவிட்டார் மேடம். என் மகளைத் தவிர ஒரு பிள்ளைக்குக்கூடக் குண்டில் நூல் கட்டத் தெரியவில்லை. உதவப் போன சாருக்கும் முடிச்சு வழுக்கியது. பார்க்கவே அசிங்கமாக இருந்தது.

"உனக்கு மட்டும் ஏன் ஒன்பது புள்ளி ஆறு?" என்று மேடம் என் மகளைக் கேட்டார்.

அவள் குண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "நூலை மட்டும் அளந்துட்டேன் மேடம். குண்டுல பாதியையும் சேர்த்திருக்கணும்."

மேடம் அவளுக்கு முழு மார்க் போட்டார்.

விடுமுறையில் சாருக்கு மாற்றல் வந்தது. தண்டனை என்று நினைத்துவிட வேண்டாம், வீட்டுக்குப் பக்கமாக அவரே கேட்டு வாங்கியது. ஸ்டூலில் போடும் மெத்தையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு கிளம்பினார். கேட்டில் கும்பிட்டு, மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்றேன்.

"பிசிக்ஸா எடுத்திருக்கா?" என்று நின்றார். "பாவம்மா. அங்க எல்லாத்தையும் நிஜமாவே அளக்கச் சொல்லுவாங்களே!"