பீரோவில் கேட்ட தாளம்

எங்கள் சித்தப்பா தூக்கத்தில்தான் நன்றாக வாசிப்பார். முழித்துக்கொண்டு டிரம்ஸ் வாசித்ததை நான் இரண்டு தடவைதான் கேட்டிருக்கிறேன், காது அடைத்துப்போயிற்று. தூக்கத்தில் வாசித்ததை அந்தக் கோடை லீவு முழுக்கக் கேட்டேன்.

ஒரகடம் பக்கம் கம்பெனியில் அவருக்கு நைட் ஷிப்ட். காலையில் பஸ் இறக்கிவிட்டதும் நாலு இட்லியை விழுங்கிவிட்டு, உள்ரூமில் இரும்பு பீரோவை ஒட்டிப் பாய் விரித்துப் படுத்துவிடுவார். கண் மூடிய கொஞ்ச நேரத்தில் விரல்கள் பீரோவில் தாளம் போட ஆரம்பிக்கும். அடுப்படி வரைக்கும் கேட்கும். "தம்பி தட்டிக்கினு கீது, தூங்குது. டிவி போடாதடி" என்பாள் அம்மா. சத்தம் நின்றால் முழிக்கப்போகிறார் என்று அர்த்தம். உடனே டீ போட்டு எடுத்துக்கொண்டு போவாள்.

படப்பையில் வாடகை ரூமில் இருந்த தெற்கத்திப் பையன்கள் மூன்று பேரும் சித்தப்பாவும் சேர்ந்ததுதான் அவர்களுடைய ராக் பேண்டு. சினிமாப் பாட்டைத் தொட மாட்டார்கள், சொந்தப் பாட்டுதான். அதனால் கல்யாணத்துக்குக்கூட ஒருத்தரும் கூப்பிடவில்லை. எப்படியோ சென்னையில் யாரோ வாராவாரம் வாசிக்க வரச் சொல்லிவிட்டார். சித்தப்பா வேலையை விட்டுவிட்டார். கடைசி ஷிப்ட் முடித்து வந்து படுத்தவர், சாயங்காலம் கிளம்பினால் இனி அங்கேதான். அப்பா கத்திய கத்தலில் எனக்கு அது தெரிந்தது. அழுகை அழுகையாக வந்தது.

மதியம் ஒரு மணி இருக்கும், தாளம் நின்றது. அம்மா டீப் பாத்திரத்தை எடுக்கிற சத்தம் கேட்டது. ஐயோ, எழுந்தால் போய்விடுவாரே! ஓடிப்போய் பீரோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதே தாளத்தை நான் தட்டினேன். அம்மா பாத்திரத்தைத் திரும்ப வைத்துவிட்டாள். எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். சித்தப்பா சுவர்ப்பக்கம் திரும்பி அசையாமல் படுத்திருந்தார். அவர் கை பீரோமேலேயே இருந்தது. என் விரல் பட்டபோது, அந்த மே மாத வெயிலிலும் சில்லென்று இருந்தது. ஃபேன் காற்று என்று நினைத்துப் போர்வையை இழுத்துவிட்டேன். அரை மணி நேரம் தட்டியிருப்பேன்.

சாயங்காலம் வருவதாகச் சொன்ன பேண்டுக்காரர்கள் ஒண்ணரை மணிக்கே வேனோடு வந்து எழுப்பினார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது, பத்து மணிக்கு முன்னாடியே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. "ஒண்ணரை மணி வரைக்கும் தட்டிக்கினு இருந்துச்சு சார், என் காதால கேட்டேன்!"

கிட்டார் வாசிக்கிற அண்ணன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "செத்த பெறவும் வாசிச்சிருக்கானே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பிறகு வேறு டிரம்மரோடு அவர்கள் ஓரளவு பேர் வாங்கினார்கள். மேடையில் இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் முதல் பாட்டை ஆரம்பிப்பார்களாம்.

நான் வாயே திறக்கவில்லை. அம்மாவை ஏமாற்றியதற்கு அடி விழும் என்பதுதான் அன்றைக்கு என் பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருப்பது வளர்ந்த பிறகுதான் புரிந்தது. அம்மா கேட்டதில் கடைசி அரை மணிதான் நான். ஒரு மணி வரை தட்டியது சித்தப்பா. டாக்டர் சொன்ன நேரம் சரியென்றால், செத்தவர்தான் தட்டியிருக்கிறார். தப்பென்றால், அம்மா டீ போடப் போனபோது அவருக்கு உயிர் இருந்திருக்கலாம். அவளை வரவிடாமல் செய்தது நான்.

அந்தப் பேய்க்கதையைக் கேட்டு யாராவது சிரித்தால் இன்றைக்கும் எனக்கு அழுகை வந்துவிடும். அது நிஜமாக இருக்க வேண்டும் என்று என்னைப் போல வேண்டிக்கொள்கிறவர் யாரும் இருக்க முடியாது.