தானாக உடைந்த கரை

எனக்கு ஒன்பது வயதில் எங்கள் தெருவுக்குள் வாய்க்கால் தண்ணீர் வந்தது. மழை கிடையாது, நல்ல வெயில். ஆட்சி மாறி, இனி யாரும் யாருக்கும் அடிமையில்லை என்று மேடைதோறும் பேசிக்கொண்டிருந்த காலம். அதை நம்பி எங்கள் தெருக்காரர்கள் நடவுக் கூலியைக் கூட்டிக் கேட்டார்கள். பண்ணை வீட்டில் மறுத்தார்கள். நடவுக்கு யாரும் இறங்கவில்லை. ஆறாம் நாள் மதியம், தெருவுக்கு மேற்கே வாய்க்கால் கரையை வெட்டிவிட்டார்கள்.

முட்டளவுத் தண்ணீர் இரண்டு நாள் நின்றது. மண்சுவர்கள் ஊறி ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. வீட்டுக்குள் கட்டியிருந்த ஆட்டை அவிழ்க்கப் போன அண்ணன் மேல் சுவர் சாய்ந்தது. அவருக்கு அப்போது இருபது வயது. வலது கால் அதற்குப் பிறகு நேராகவில்லை. விசாரிக்க வந்த அதிகாரிகள், கரை தானாக உடைந்தது என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

நான் படித்து டீச்சராகி, பூதலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே எனக்கு முன்பே டீச்சராக இருந்தவர் அந்தப் பண்ணை வீட்டு மகள். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர். மதியச் சாப்பாட்டுக்கு என் பக்கத்தில்தான் உட்காருவார். இரண்டு வருடம் நாங்கள் கரை வெட்டிய அந்த மதியத்தைப் பற்றிப் பேசியதே இல்லை.

ஒருநாள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, தலை நிமிராமலே சொன்னார்: "அன்னிக்குக் கரையை வெட்டச் சொன்னது எங்கப்பாதாங்க. எங்களை மன்னிச்சிடுங்க."

நான் உடனே, "பரவாயில்லைங்க" என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கும் ஏதோ பெருந்தன்மை காட்டிவிட்டது போலிருந்தது. நல்ல சேதி கொண்டுவந்தவள் மாதிரி வீட்டில் சொன்னேன். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை நின்றது.

"யாரு காலுக்கு நீ பரவாயில்லைன்னு சொன்ன?"

அவர் சத்தம் போடவில்லை. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனார். யோசித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் அந்த டீச்சர் பக்கத்தில் சங்கடமில்லாமல் உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறேன். முழுத் தெருவுக்கும் உரியதை எடுத்து நான் ஒருத்தி கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் அவரிடம் போய், அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னேன். அவர் முகம் இறுகிவிட்டது.

"இன்னும் நாங்க என்னதாங்க செய்யணும்?"

"எங்கிட்ட சொன்னதைத் தெருவில் வந்து சொல்லுங்க."

அப்பா இருக்கும்வரை அது நடக்காது என்றார். அன்றிலிருந்து சாப்பாட்டுக்கு வேறு மேசைக்குப் போய்விட்டார். விஷயம் எப்படியோ மற்ற ஆசிரியர்களுக்கும் தெரிந்துவிட்டது. அவங்களே இறங்கி வந்து கேட்டும் இவங்களுக்குத் திமிர் என்று என் காதில் விழும்படியே பேசினார்கள். தெருவிலோ, எங்களைக் கேட்காமல் எப்படி வாக்குக் கொடுத்தாய் என்றார்கள். நான்கு மாதம் இரண்டு பக்கமும் எனக்குப் பேச ஆளில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த டீச்சர் எங்கள் தெருவுக்கு வந்தார். பஸ் நிறுத்தத்திலிருந்து தனியாக நடந்தே வந்தார். பொதுக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தார்கள். ஆண்களும் கூடிவிட்டார்கள். யாரும் வாங்க என்று சொல்லவில்லை. இளவட்டங்கள் சிலர், திரும்பிப் போகச் சொல்லுங்கள் என்று முறைத்தார்கள். அண்ணன் காலை இழுத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

"உங்கப்பா அனுப்பிச்சாரா?"

"இல்லீங்க. அவருக்குத் தெரியாது."

"அப்ப யாருக்காக வந்தீங்க?"

அவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "கரை தானா உடையலை. எங்கப்பா வெட்டச் சொன்னாரு. மாடியில நின்னு நான் பார்த்தேன். வளர்ந்து, வேலைக்கு வந்த பிறகும் யார்கிட்டயும் சொல்லலை. அது என் தப்பு."

பின்னாலிருந்து ஒருவர், மன்னிப்புக் கேட்க வந்தியா என்று அதட்டினார்.

"கேட்க வரலைங்க. சொல்லத்தான் வந்தேன்."

அடி விழப்போகிறது என்றே நினைத்து நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். அப்போது எங்கள் எதிர்வீட்டு அம்மா, அந்தத் தண்ணீரில் தன் விதைநெல் எல்லாம் முளைவிட்டு அழுகியதைச் சொல்ல ஆரம்பித்தார். அடுத்தவர், பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் ஈரத்தில் கிடந்ததைச் சொன்னார். பிறகு ஒவ்வொருவராக. எங்களுக்குள் பல தடவை பேசியதுதான். அந்த வீட்டு ஆளின் முகத்தைப் பார்த்து யாரும் சொன்னதில்லை. உச்சிவெயில் வரும்வரை அவர் நின்றபடியே கேட்டார். இடையில் ஒருமுறைகூட, எங்களுக்கும் கஷ்டம்தான் என்று சொல்லவில்லை.

கடைசியில் அண்ணன், சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவர் போட்டார். அந்தத் தாளை அண்ணன் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். எந்த ஆபீசுக்கும் கொண்டுபோகவில்லை.

டீச்சருடைய அப்பா அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை. ஒரு வருடத்துக்குள் டீச்சர் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டார். கிளம்பும் நாளில் என்னிடம் வந்து கேட்டார்:

"உங்கண்ணன் எப்பவாவது ஏதாவது சொன்னாருங்களா?"

மன்னித்துவிட்டார் என்று ஒரு பொய் சொல்லிவிடலாமா என்று நாக்கு துடித்தது.

"இல்லீங்க" என்றேன்.

அவர் தலையசைத்தார். "நல்லதுங்க, உள்ளதைச் சொன்னீங்க" என்று என் கையைப் பிடித்துவிட்டுப் படியிறங்கினார்.