மேன்முறையீடு செய்யாமல் விட்டவர்

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு புடவைக்கடையில் நான் வேலை செய்தபோது, அங்கே வந்த ஒரு பெண்ணின் தங்க வளையல் காணாமற்போனது. சட்டை போட்டுப் பார்க்கும் அறையில் கழற்றி வைத்தாராம். அளவு மாற்றிக் கொடுக்க அந்த அறைக்குள் போய்வந்தவள் நான். என் கைப்பையைச் சோதித்தார்கள், வீட்டைச் சோதித்தார்கள். வளையல் அகப்படவில்லை. ஆனாலும் வழக்கு என் மேல்தான் விழுந்தது.

கடைக் காசாளர் சாட்சி சொல்ல வந்தார். எனக்கு முதலே வேறு இரண்டு பெண்கள் அந்த அறைக்குள் போய்வந்ததைத் தான் கண்டதாகச் சொன்னார். நீதவான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. நான் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, சிறைத்தண்டனையை ஒத்திவைத்தார். இன்னொரு குற்றம் செய்யாதவரை உள்ளே போகத் தேவையில்லையாம். முதல் குற்றத்தையே செய்யாதவளுக்கு இந்தச் சலுகை.

வெளியே வந்ததும் என் சட்டத்தரணி சிரித்தார்.

“பார்த்தீங்களா தங்கச்சி, உள்ளுக்குப் போகாமல் காப்பாத்திட்டன்.”

“நான் களவெடுக்கேல்லை, சேர். அப்பீல் பண்ணவேணும்.”

“ரெண்டு கிழமை டைம் இருக்கு. நான் பார்க்கிறன். நீங்க வீட்டை போய் நிம்மதியா இருங்க.”

நான் நிம்மதியாக இருக்கவில்லை. திரும்பத் திரும்ப அவருக்கு ஃபோன் எடுத்தேன். “ஓம், அது நடக்குது” என்றார். நம்பினேன். படித்த மனிதர், வயதில் மூத்தவர், எங்கள் ஆள் வேறு. வழக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று கேட்க, நீதிமன்றங்கள் உள்ள புதுக்கடைப் பகுதியில் இருந்த அவருடைய அலுவலகத்துக்குப் போனபோது, கெடு முடிந்து சில நாட்களாகியிருந்தன.

“அது போடேல்லை,” என்றார், தேநீரை ஆற்றியபடி.

“ஏன் சேர்?”

“அப்பீல் எண்டால் வருசக்கணக்கா இழுபடும். அலைச்சல்தான் மிச்சம். நீங்க வெளியிலதானே இருக்கிறீங்க? உங்கட நன்மைக்குத்தான் விட்டனான்.”

என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், என் குற்றமின்மை அலைச்சலுக்குப் பெறுமதியில்லை என்று இந்த மனிதர் தீர்மானித்திருக்கிறார். அதைச் சொல்லாமல் ஃபோனில் ஓம் ஓம் என்றும் சொல்லியிருக்கிறார்.

அங்கிருந்து நேரே நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனேன். எழுதுவினைஞர் விபரத்தைக் கேட்டுவிட்டு, சிங்களத்தில் “தின பஹுவெலா, நோனா” என்றார். நாள் கடந்துவிட்டதாம். அவ்வளவுதான். அடுத்தவரைக் கூப்பிட்டார்.

புறக்கோட்டையில் வேலை முடிந்து வந்த கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “விடுமன். ஜெயிலுக்குப் போகேல்லைத்தானே,” என்றார். சட்டத்தரணி பேசிய அதே பேச்சு.

பிறகு கொட்டாஞ்சேனையில் ஓர் இளம் பெண் சட்டத்தரணியைத் தேடிப் பிடித்தேன். மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு மனு போடலாம், ஆனால் ஏன் பிந்தினோம் என்று காட்டவேண்டும் என்றார். “பழைய லோயர் தன்ர பிழை எண்டு ஒரு சத்தியக் கடதாசி தந்தால் நல்லம், அக்கா.”

மறுபடியும் பழைய சட்டத்தரணியிடம் போனேன். இந்த முறை உட்காரச் சொல்லவில்லை.

“என்ட பேரைக் கெடுக்கச் சொல்லுறீங்களா? எத்தினை வருசமா இந்தக் கோர்ட்டில நிக்கிறன் தெரியுமா?”

“என்ட பேர், சேர்?”

அவர் ஃபோனை எடுத்து யாருடனோ கதைக்கத் தொடங்கினார்.

சத்தியக் கடதாசியை அவர் தரவில்லை. மனுவை நீதிபதி வாசித்துவிட்டு, தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டப்படவில்லை என்று தள்ளிவிட்டார். காசாளரின் சாட்சியைப் பற்றி ஒரு கேள்விகூட எழவில்லை. இளம் சட்டத்தரணி எழுந்து எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். வெளியே வந்து அழுதது அவர்தான். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நான் எடுத்தேனா இல்லையா என்பதைக் கடைசிவரை அங்கே யாரும் கேட்கவில்லை. எப்போது வந்தேன் என்பதையே கேட்டார்கள்.

பாமன்கடையில் ஒரு பாலர் பாடசாலையில் உதவியாளர் வேலை கிடைப்பதாக இருந்தது. பொலிஸ் அறிக்கை கேட்டார்கள். உள்ளதைச் சொன்னேன். அதோடு அந்த வேலை போனது. இப்போது வீட்டிலிருந்து சட்டை தைக்கிறேன்.

போன மாதம் வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வாங்க நின்றபோது அங்கே மீனுக்கு வந்த பழைய சட்டத்தரணியைக் கண்டேன். பழைய சிரிப்போடு கிட்ட வந்தார்.

“எப்படித் தங்கச்சி? இப்ப பிரச்சினை ஒண்டும் இல்லைத்தானே?”

சுற்றி ஆட்கள் நின்றார்கள். முன்பென்றால் தலையாட்டிவிட்டு ஒதுங்கியிருப்பேன்.

“இருக்கு, சேர்,” என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. “நான் களவெடுக்கேல்லை. அதைச் சொல்ல இருந்த ஒரு வழியையும் நீங்கதான் அடைச்சனீங்கள்.”

அவர் மீனை வாங்காமலே போய்விட்டார். நான் வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.