யன்னல் சாத்தாத விடுதி

அந்த ஆண்கள் பள்ளிக்கூடத்தின் விடுதியை மூடுவதென்று தீர்மானித்த வருடம், பழைய மாணவர்களுக்கு அதைக் கடைசியாகச் சுற்றிக்காட்டும் வேலை என் தலையில் விழுந்தது. நான் அங்கே மேற்றன். காய்ச்சல்காரப் பிள்ளைகளைப் பார்ப்பது, உடுப்புத் தோய்க்கப் போடுவது, அழுகிறவனோடு கொஞ்சநேரம் இருப்பது, இதெல்லாம் என் உத்தியோகம். இப்போது சனிக்கிழமைகளிலும் வீட்டுக்குக் கிட்ட உள்ள டூங்கபி ஸ்டேசனில் ரயிலேறி, முழங்கால் வலியோடு அந்தப் படிகளில் ஏறி இறங்கினேன்.

சொல்லவேண்டிய சரித்திரம் எனக்குப் பாடமாகிவிட்டிருந்தது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த ஒரு பாதிரியார், தான் படித்த பள்ளிக்கூடத்தை அப்படியே இங்கே கட்ட ஆசைப்பட்டார். அதே மாதிரிக் கோபுரம், அதே மாதிரித் தேவாலயம், சிட்னி வெயிலிலும் அதே கம்பளிக் கோட்டு. குளிர்காற்றுப் பட்டால்தான் பையன்கள் உரமாவார்கள் என்று நம்பி, படுக்கை மண்டபத்து யன்னல்களை மாரியிலும் சாத்த விடவில்லையாம். இந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பிறகு அடுத்த கூட்டம் வரும்.

ஒரு பின்னேரம், எண்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மனைவியோடு வந்தார். அவர் சிரிக்கவில்லை. கட்டில்களுக்கு நடுவால் போய் மூலையில் நின்றார்.

“இதுதான் என்னுடைய இடம். மழை பெய்தால் போர்வை நனைந்துவிடும். ஏழு வயது எனக்கு.”

மனைவி அவரையே பார்த்தார். “இத்தனை வருடத்தில் ஒருநாளும் என்னிடம் சொல்லவில்லையே!”

“சொல்ல என்ன இருக்கிறது?” என்றவர், என் பக்கம் திரும்பினார். “இதைச் சாத்தலாமா?”

மேலே தூக்கித் திறக்கிற பழைய யன்னல் அது. திரும்பத் திரும்பப் பூசிய பெயின்ற் இறுகி, பாதியில் நின்றிருந்தது. நான் இழுத்தேன், அசையவில்லை. அவரும் வந்து பிடித்தார். இரண்டுபேருமாகத் தொங்காத குறையாக இழுக்க, தடாரென்று இறங்கிச் சாத்திக்கொண்டது.

அவர் கட்டில் விளிம்பில் இருந்துவிட்டார். புதிதாக வந்த பிள்ளைகள் முதல் வாரத்தில் அப்படித்தான் இருப்பார்கள். அவர்களுக்குச் செய்வதையே செய்தேன்: பால் சூடாக்கிக் கொண்டுவந்து கையில் கொடுத்தேன். மிச்சம் வைக்காமல் குடித்தார். மனைவி பக்கத்தில் இருந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது என் கணவர் குசினியில் பருப்புக் கறி வைத்துக்கொண்டிருந்தார்.

“சரியாக் களைச்சுப் போனீர் போல. கனபேர் வந்தவையோ?”

“ஓம். இனி அந்த யன்னல் கதையைச் சொல்லிச் சிரிக்க என்னால ஏலாதப்பா. நான் விடப்போறன்.”

“மூடுமட்டும் நிக்கச் சொன்னவையெல்லே?”

“வேற ஆரும் நிக்கட்டும்.”

அவர் அடுப்பைத் தணித்தார். அந்த மாதக் கடைசியில் விலகினேன். பிரியாவிடைக்குக் கேக் வெட்டினார்கள். அடுத்த திங்கட்கிழமை மத்தியானம்வரை நித்திரைகொண்டேன்.